கலைவிழாவுக்கு வாலண்டியர் ஷிஃப்ட் போட என்ன சாஃப்ட்வேர் நல்லது? (தக்கலை பக்கம், எழுபது எண்பது பேர்)

வேளிமலை:

வணக்கம் மக்களே. தக்கலை பக்கத்துல சின்னதா ஒரு கலைச் சங்கம் நடத்துதோம். பதிவு பண்ணின சங்கம்தான், ஆனா சம்பளத்துக்கு ஆள் ஒருத்தரும் கிடையாது. தை மாசக் கடைசியில நாலு நாள் விழா. முதல் ரெண்டு நாள் வில்லுப்பாட்டு, தோல்பாவைக்கூத்து, களரி. அடுத்த ரெண்டு நாள் நாடகம். வாசல்ல நிக்க, சீட் காட்ட, மேடைக்குப் பின்னால, பார்க்கிங், சாப்பாடு, ஸ்டேஷன்ல போய் கலைஞர்களைக் கூட்டிட்டு வரன்னு எல்லாத்துக்கும் சேத்து எழுபது எண்பது வாலண்டியர் வேணும்.

இதுவரைக்கும் ஒரே ஒரு வாட்ஸ்அப் குரூப்தான். "நான் வாரேன்"னு ஒருத்தன் போட்டிருப்பான். எந்த நாளைக்குச் சொன்னான்னு தேடிப் போனா நடுவுல காலை வணக்கம் படமா வந்து குமிஞ்சு கிடக்கும். வெளிநாட்டுல மியூசியம், தியேட்டருக்கெல்லாம் இதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்காம். நமக்குச் சரிப்படுமா? காசு அதிகம் போட முடியாது. யாராவது பயன்படுத்தியிருந்தா சொல்லுங்க.

பார்வதிபுரம்_மேம்பாலம்:

எக்செல் போதும் அண்ணாச்சி. இழையை மூடிரலாம்.

குளச்சல்_காத்து:

மூட வேண்டாம், நல்ல கேள்விதான். டெக்னோபார்க்ல நான் பாக்குற வேலை வேற. ஆனா போன வருஷம் ஒரு நாடகக் குழுவுக்காக இதே விஷயத்தைத் தோண்டிப் பாத்தேன்.

அண்ணாச்சி சொல்ற வெளிநாட்டுச் சாஃப்ட்வேர்ல ரெண்டு ஜாதி உண்டு. முதல் ஜாதி சைன்அப்ஜீனியஸ் மாதிரி. நேரத்தையும் எத்தனை ஆள் வேணும்னும் போட்டு லிங்க்கை அனுப்பினா அவங்கவங்களே பேரைக் கொடுத்துக்குவாங்க, ஆள் நிறைஞ்சதும் அந்த இடம் மூடிரும். விளம்பரத்தோட இலவசமாவும் கிடைக்கும். ரெண்டாவது ஜாதி வால்ஜிஸ்டிக்ஸ், பெட்டர் இம்பாக்ட், ரோஸ்டர்ஃபை. இது ஆளைப் பத்தின முழுப் பதிவேடு. விண்ணப்பம், பயிற்சி, யார் எந்த வேலைக்குத் தகுதி, எத்தனை மணி நேரம் வந்தாங்கன்னு எல்லாமே இருக்கும். வால்ஜிஸ்டிக்ஸ்ல எத்தனை பேரோட பதிவு வெச்சிருக்கோமோ அதைப் பொறுத்துக் கட்டணம். வருஷம் முழுக்கத் திறந்திருக்குற மியூசியத்துக்கு அது நியாயம். நாலு நாள் விழாவுக்கு வருஷச் சந்தா கட்டுறது எனக்கு ஒப்பல.

காசை விடுங்க, இங்க வந்தா இதெல்லாம் எங்க இடறும்னு சொல்றேன். அதை எந்த விமர்சனக் கட்டுரையும் சொல்லாது.

எஸ்எம்எஸ் ரிமைண்டர். "ஷிஃப்டுக்கு முந்தின நாள் தானா எஸ்எம்எஸ் போகும்"னு பெருசா எழுதியிருப்பாங்க. நம்ம நாட்டுல நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பணும்னா தொலைத்தொடர்பு ஆணையமான டிராயோட விதிப்படி அனுப்புறவர் பேரு, மெசேஜ் வாசகம் ரெண்டும் போன் கம்பெனிகளோட டிஎல்டிங்கிற பதிவேட்டுல முன்கூட்டியே பதிவாகியிருக்கணும். இந்தியாவுக்குன்னு அந்த ஏற்பாடு செய்யாத வெளிநாட்டுக் கம்பெனியோட எஸ்எம்எஸ் வந்து சேரும்னு நம்பி விழா நடத்த முடியாது. அப்போ மிஞ்சுறது ஈமெயில். நம்ம பிள்ளைகள் ஜிமெயில் வெச்சிருக்கிறதே பிளே ஸ்டோரைத் திறக்கத்தான்.

அடுத்தது கார்டு. 2020க்குப் பிறகு வந்த கார்டுல வெளிநாட்டுப் பரிமாற்றம் தொடக்கத்துலயே அணைஞ்சிருக்கும், நாமதான் போய்த் திறக்கணும். 2021 அக்டோபர்ல இருந்து, முறையா அனுமதி பதிவு பண்ணாத மாசச் சந்தா தானா பிடிக்கப்படாது. விழாவுக்கு முந்தின வாரம் சந்தா தோத்து அக்கவுண்ட் பூட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடுவீங்க? அங்க அப்போ நடுராத்திரியா இருக்கும்.

தேதியைக் கட்டாயம் பாருங்க. அமெரிக்க மென்பொருள்ல மாசம்தான் முதல்ல வரும். 7/2ன்னா நமக்கு பிப்ரவரி 7, அதுக்கு ஜூலை 2. அமைப்புல மாத்திக்கலாம், ஆனா மாத்தணும்னு ஞாபகம் வரணும்ல.

வேளிமலை:

எஸ்எம்எஸ் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. கொள்ளாம். அப்போ எங்க பெரியப்பா பேரன் இன்ஜினியரிங் மூணாம் வருஷம் படிக்குதான், "நானே ஒரு ஆப் பண்ணித் தாரேன்"னு ரொம்ப ஆசையா நிக்குதான். அதைப் பாக்கலாமா?

குளச்சல்_காத்து:

பையனை ஊக்கப்படுத்துங்க, ஆனா இந்த வருஷ விழாவை அவன் தலையில வைக்காதீங்க. ஆப்பை எழுதி முடிச்சிருவான். ஆனா எண்பது போன்ல அதை யார் ஏத்துறது, பாஸ்வேர்டு மறந்தவனுக்கு யார் பதில் சொல்றது? அடுத்த வருஷம் அவன் வேலை கிடைச்சு பெங்களூர் போனா சர்வர் பணத்தை யார் கட்டுறது?

சிவிசிஆர்எம்னு ஒண்ணு உண்டு, திறந்த மூல மென்பொருள், அதுல வாலண்டியருக்குன்னே ஒரு நீட்சியும் இருக்கு. இலவசம்னு எல்லாரும் அதையும் சொல்லுவாங்க. அதுக்கும் சர்வர் வேணும், அப்டேட் போட ஒரு ஆள் வேணும். பையனுக்கு ஆசை இருந்தா விழா முடிஞ்சப்புறம் அதை நிறுவிப் பழகட்டும்.

முட்டம்_வெளிச்சம்:

நான் இப்ப இங்கிலாந்துல இருக்கேன். வாரக் கடைசியில ஒரு சின்ன தியேட்டர்ல வாலண்டியரா டிக்கெட் கிழிச்சு, ஆளுகளை உட்கார வைக்கிற வேலை. இங்க த்ரீ ரிங்ஸ்னு ஒண்ணு நிறைய இடத்துல ஓடுது. மாணவர்கள் ராத்திரி நேரம் நடத்துற ஒரு தொலைபேசி உதவி மையத்துக்காக 2002ல ஆரம்பிச்சது, இன்னும் வாலண்டியர்களேதான் அதைப் பராமரிக்கிறாங்க. அதோட அழகு பேர் பதியுறதுல இல்ல. என்னால வர முடியலன்னா அந்த ஷிஃப்ட்ல நானே போய் எனக்குப் பதில் ஆள் வேணும்னு குறிச்சிருவேன். அது எல்லாருக்கும் தெரியும், யாராவது எடுத்துக்குவாங்க. பொறுப்பாளருக்குப் போன் போகவே போகாது.

பெரிய அரங்கங்கள் டெசிட்டுரா மாதிரி வெச்சிருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா தனக்காக உருவாக்கினது அது. டிக்கெட், நன்கொடை, சந்தாதாரர் எல்லாம் ஒரே இடத்துல. நமக்கு அது தேவையே இல்ல. பட்டியல்ல பேரைப் பாத்து மயங்கிராதீங்கன்னு சொல்லத்தான் எழுதினேன்.

அண்ணாச்சி, எதை எடுத்தாலும் ஒரே ஒரு சோதனை வெச்சுப் பாருங்க. சாயங்காலம் அஞ்சு மணி. ஆறு மணிக்கு வாசல்ல நிக்க வேண்டிய பையன் "காய்ச்சல், வரலை"ன்னு மெசேஜ் போடுறான். அவனுக்குப் பகரம் யாரைக் கூப்பிடணும்னு உங்க சாஃப்ட்வேர் அரை நிமிஷத்துல சொல்லுதா? சொல்லலைன்னா மத்தது எத்தனை இருந்தும் பிரயோஜனமில்ல.

ஒழுகினசேரி:

எல்லோரும் கருவியைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் வேறு திசையில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலைவாணர் பிறந்த தெருக்காரன். வில்லுப்பாட்டுக்காரர்களோடு கொடை கொடையாக (கோயில் திருவிழாக்களில்) சுற்றியவன்.

நம் ஊர்க் கோயில் கொடையில் இதைவிடப் பெரிய கூட்டம் வரும். அங்கே யாரும் பேர் பதிவதில்லை. பந்தல் இன்ன குடும்பம், சமையல் இன்ன தெரு, வெளிச்சம் இன்ன இளைஞர் கூட்டம் என்று முறை இருக்கிறது. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் தம்பி வந்து நிற்பான். தம்பி இல்லையென்றால் மச்சினன் வருவான். கொடைக் கமிட்டிக்காரருக்கு அவன் வராதது தெரியக்கூடத் தெரியாது. கடற்கரை ஊர்களில் பங்குத் திருவிழாவுக்கு அன்பியம் அன்பியமாக (பங்கிலுள்ள குடும்பக் குழுக்களாக) வேலையைப் பிரித்துக்கொள்வதும் இப்படித்தான். பகரம் ஆளைத் தேடும் பொறுப்பு கூட்டத்தின் தலையில் இருக்கிறது, ஒருங்கிணைப்பாளர் தலையில் இல்லை.

வெளிநாட்டுச் சாஃப்ட்வேர் என்ன நினைக்கிறது? ஒரு தனி மனிதர், அவர் தனியாக ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார், தனியாக வருகிறார். நம் பிள்ளைகள் அப்படியா வருகிறார்கள்? நாலு சிநேகிதன் சேர்ந்து ரெண்டு பைக்கில் வருவான். ஒருவன் வரவில்லையென்றால் நாலு பேரும் வர மாட்டான். ஒருவன் வந்தால் நாலு பேரும் நிற்பான். ஆகவே எண்பது பேரைப் பட்டியலிடாதீர்கள். பதினைந்து கூட்டம், பதினைந்து தலைவன் என்று போடுங்கள்.

பார்வதிபுரம்_மேம்பாலம்:

சார் சொன்னதுக்கு நான் எக்செலை வாபஸ் வாங்குதேன். நோட்டே போதும்.

தோவாளை_பிச்சி:

ஒழுகினசேரி சார் சொன்னது பையன்மாருக்கு ரொம்பச் சரி. பொண்ணுங்களுக்கு அது பாதிதான் பொருந்தும் சார். காலேஜ்ல இருந்து தனியா ஆசைப்பட்டு வர்ற பொண்ணு எந்த பைக் கூட்டத்துலயும் இருக்க மாட்டா. கூட்டம் கூட்டமாத்தான் எடுப்போம்னா முதல்ல வெளியே நிக்கிறது அவதான். தனியா வர்றவங்களுக்கும் ஒரு வழி வெச்சுருங்க.

நான் சொல்ல வந்தது வேற. வேற ஒரு விழாவுல நான் வாலண்டியர். எல்லார் பேரும் நம்பரும் போட்ட கூகுள் ஷீட்டை லிங்க் கிடைச்ச யார் வேணும்னாலும் பாக்கலாம்னு திறந்து வெச்சு குரூப்ல போட்டாங்க. விழா முடிஞ்ச மாசமெல்லாம் தெரியாத நம்பர்ல இருந்து "ஹாய்". எனக்கு மட்டுமில்ல, அதுல பேர் இருந்த பொண்ணுங்க எல்லாருக்கும். அடுத்த வருஷம் நாங்க ஒருத்தரும் போகல. ஆள் ஏன் வரலன்னு அவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டிருப்பாங்க.

சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் என் நம்பர் யார் கண்ணுல படும்னு முதல்ல பாருங்க. இதுக்கு 2023ல சட்டமே வந்தாச்சு, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதுப்படி 18 வயசுக்குக் கீழ இருந்தா குழந்தை. ப்ளஸ் டூ பிள்ளைகளைச் சேத்தீங்கன்னா அப்பா அம்மா ஒப்புதலை எழுத்துல வாங்கி வெச்சுக்கிடுங்க.

வேளிமலை:

அக்கா, இதை நான் யோசிக்கவே இல்ல. ஷீட்டுல நம்பர் இருக்குற பத்தியை மட்டும் மறைச்சு வெச்சா போதுமா?

குளச்சல்_காத்து:

போதாது. பூட்டி வெச்ச பத்தியை மத்தவங்க திருத்த முடியாதே தவிர பாக்கலாம். மறைச்சு வெச்ச பக்கத்தையும் ஒரு காப்பி எடுத்தா திறந்து பாத்துரலாம். ரெண்டு தனித்தனி ஃபைல் வைங்க. முதல் ஃபைல்ல பேரு, நம்பர், வயசு, ஊரு. அது உங்ககிட்டயும் இன்னொருத்தர்கிட்டயும் மட்டும். ரெண்டாவது ஃபைல்ல கூட்டத்தோட பேரு, வேலை, நேரம், இடம். அதைத்தான் எல்லாருக்கும் பாக்க மட்டும் கொடுக்கணும்.

குரூப்லயும் இதே சிக்கல்தான். சாதாரண வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் எல்லார் நம்பரையும் பாக்கலாம். கம்யூனிட்டி ஆரம்பிச்சு அதோட அறிவிப்புக் குரூப்ல சேத்தா அட்மின் மட்டும்தான் பேசலாம், உறுப்பினர் நம்பர் மத்த உறுப்பினருக்குத் தெரியாது. காலை வணக்கமும் ஒழியும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சவங்களுக்குத்தான் அது போகும்.

குழித்துறை_ஆறு:

கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) பார்க்கிறேன். மாணவர்கள் வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். என்எஸ்எஸ் மாணவருக்கு வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம் சேவை வேண்டும். விழா நடத்துகிறவர்கள் கடைசி நாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி "சிறப்பாகப் பணியாற்றினார்" சான்றிதழ் தருகிறார்கள். அதில் மணிக்கணக்கு இல்லையென்றால் எங்களுக்கு உபயோகமில்லை. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, ஒவ்வொரு நாளுக்கும் தனியாக. இதை முதல் நாளே சொல்லிவிட்டால் மாணவர் நாலு நாளும் வருவார்.

மணிக்கணக்கு தானாக வரும் என்பதுதான் வால்ஜிஸ்டிக்ஸ் மாதிரியான மென்பொருளில் எனக்குப் பிடித்தது. ஆனால் வாசலில் ஒரு அச்சடித்த தாளும் பேனாவும் வைத்து, ராத்திரி ஒருவர் அதை ஷீட்டில் ஏற்றினால் அதே கணக்கு கிடைக்கும். நாலு நாளைக்கு அது கஷ்டமில்லை.

இன்னொன்று, கடைசி பஸ். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்து மாணவரை ராத்திரி பத்து மணி நாடகத்துக்கு மேடை கலைக்கப் போடாதீர்கள். எந்த ஊர் என்று ஒரு பத்தி இருந்தால் இதை முன்கூட்டியே பார்த்துவிடலாம். பக்கத்து ஊர்க்காரர் கலைக்கட்டும், தூரத்து ஊர்க்காரர் மதியமே வரட்டும்.

முட்டம்_வெளிச்சம்:

சார் சொன்ன ஊர்ப் பத்தி அருமை. வேலை நடக்குற இடத்துக்கும் ஒரு பத்தி வைங்க அண்ணாச்சி. "ஸ்டேஷன்"னு மட்டும் எழுதினா ஒருத்தன் நாகர்கோவில்ல கோட்டாறு ஜங்ஷன்ல நிப்பான், கலைஞர் நாகர்கோவில் டவுன் ஸ்டேஷன்ல இறங்கி நிப்பார். திருவனந்தபுரம் பக்கம் போற சில வண்டி ஜங்ஷனுக்குள்ள வராமலே போயிரும். இரணியல்ல நிக்கிற வண்டின்னா தக்கலைக்கு அதுதான் கிட்ட. எந்த ரயில், எந்த ஸ்டேஷன், எந்தக் கார்னு எழுதாத ஷிஃப்டை ஷிஃப்ட்னு சொல்லாதீங்க.

ஒழுகினசேரி சாரோட கூட்டக் கணக்கை நான் முழுசா ஏத்துக்கல. கூட்டத் தலைவன் நல்லவனா இருந்தா ஜம்முனு ஓடும். அவன் கோவிச்சுக்கிட்டுப் போனா அஞ்சு பேர் மொத்தமா காணாமப் போவாங்க. தனித்தனியா போட்டா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் காணாமப் போவாங்க.

ஒழுகினசேரி:

மறுக்கவில்லை அம்மா. கொடையிலும் அது நடக்கும். ஒரு கூட்டம் முறைத்துக்கொண்டு போனால் சமாதானம் பேச ஒரு பெரியவர் உண்டு. உங்கள் தியேட்டரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை.

முட்டம்_வெளிச்சம்:

இருக்காங்க சார். எழுபது தாண்டின ஒரு பாட்டிம்மா. சாஃப்ட்வேரை அவங்க திறந்துகூடப் பாக்கிறதில்ல.

வேளிமலை:

எல்லாருக்கும் நன்றி. கமிட்டியில பேசினோம், இப்படிப் போகலாம்னு இருக்கு. தப்பு இருந்தா இப்பவே சொல்லிருங்க.

காசு கொடுத்து எதுவும் வாங்கல. தமிழ்ல ஒரு கூகுள் ஃபார்ம். அதுல பேரு, ஊரு, எந்த நாள் முடியும், திரும்பிப் போக வண்டி உண்டா, யார் கூட வாரீங்க, தனியாவா. ஷிஃப்டை அவங்க தேர்ந்தெடுக்கிறது இல்ல, நாங்கதான் போடுவோம். குளச்சல் தம்பி சொன்ன மாதிரி ரெண்டு ஃபைல். கூட்டமா வாரவங்களுக்குத் தலைவர் ஒருத்தர். தனியா வாற பொண்ணுங்களைச் சேத்து ஒரு அக்கா பொறுப்புல ரெண்டு கூட்டம். ஒவ்வொரு வேலை வரிசையிலயும் கடைசிப் பத்தி "பகரம்". அது காலியா இருந்தா அந்த வரிசை சிவப்பாகிற மாதிரி வெச்சாச்சு, பெரியப்பா பேரன்தான் செய்து தந்தான். அவனுக்கும் திருப்தி.

குளச்சல்_காத்து:

ஷிஃப்டை நீங்களே போடுறது நல்ல முடிவு. கூகுள் ஃபார்ம்ல நேரத்தைத் தேர்ந்தெடுக்க விட்டிருந்தா பத்து பேர் போதும்ங்கிற இடத்துல முப்பது பேர் வந்து நிப்பாங்க. அது தானா மூடாது, அதுக்குத் தனி ஆட்-ஆன் போடணும்.

ரெண்டு சின்ன விஷயம். உங்க ஃபைல்ல நம்பருக்குப் பக்கத்துல வாட்ஸ்அப் லிங்க் ஒண்ணு உருவாக்கி வைங்க. 91 சேத்து நம்பரைக் கோத்தா, தட்டின உடனே நேரா சாட் திறக்கும், சேவ் பண்ண வேண்டாம். காய்ச்சல்காரனுக்குப் பகரம் ஆளைப் பிடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது. அப்புறம் இந்த ஃபைல் இப்ப யாரோட ஜிமெயில்ல இருக்கு? உங்களுதுலன்னா அடுத்த செயலாளர் வரும்போது சங்கத்துக்கிட்ட ஒண்ணும் இருக்காது. இப்போதைக்கு சங்கத்துக்குன்னு ஒரு ஜிமெயில் திறந்து அதுக்கு மாத்துங்க. பதிவு பெற்ற சங்கம்தானே, கூகுள் ஃபார் நான்ப்ராஃபிட்ஸ்க்கும் எழுதிப் போடுங்க. சங்கம், டிரஸ்ட், பிரிவு 8 கம்பெனி எல்லாம் விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைச்சா கூகுளோட வொர்க்ஸ்பேஸ் (சங்கத்துப் பேர்லயே மெயில், ஃபைல் வசதி) இலவசம். சரிபார்ப்புக்கு நாள் எடுக்கும், அதனால விழாவுக்கு அதை நம்பி இருக்காதீங்க.

தோவாளை_பிச்சி:

விழா முடிஞ்சு எத்தனை நாள்ல அந்த நம்பர் ஃபைலை அழிப்பீங்கன்னு ஃபார்ம்லயே ஒரு வரி எழுதிருங்க அண்ணே. அடுத்த வருஷமும் கூப்பிடலாமான்னு ஒரு கேள்வி. ஆமான்னு போட்டவங்களை மட்டும் வெச்சுக்கிட்டா போதும்.

வேளிமலை:

சேத்தாச்சு அக்கா. குழித்துறை சார், கையெழுத்துத் தாள் மாதிரி ஒண்ணு உங்ககிட்ட இருந்தா இங்கன போடுவீங்களா?

குழித்துறை_ஆறு:

நாளை ஏற்றுகிறேன். பதிவு எண், துறை, வந்த நேரம், போன நேரம், கையெழுத்து, பொறுப்பாளர் கையெழுத்து. ஒரு தாளில் இருபது பேர். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித் தாள் எடுத்து அட்டையில் கிளிப் போட்டு வையுங்கள், வாசலில் ஒரே தாளுக்கு வரிசை நிற்காது.

பார்வதிபுரம்_மேம்பாலம்:

என் பேரையும் ஃபார்ம்ல போட்டாச்சு அண்ணாச்சி. பார்க்கிங். வண்டி உண்டு, தனியாத்தான் வாரேன்.